பொத்தேரி வரைக்கும் போன இழுப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளை வளர்த்து, சிட்லபாக்கத்தில் வீடும் கட்டினவள் நான். கீழே பெரியவன், மாடியில் சின்னவன்.

போன கோடையில், தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று சண்டை. சின்னவன் ஸ்பேனரால் அண்ணன் மண்டையைப் பிளந்தான். விழுந்தவன் எழுந்து, தம்பியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"சாவுடா."

"நீ சாவு."

குறுக்கே விழுந்த என் புடவையெல்லாம் ரத்தம். அன்றைக்கே சின்னவனை, ஊர் தாண்டித் தள்ளியிருக்கிற பொத்தேரிக்குக் குடிபோகச் சொன்னேன். அண்ணன் தம்பி உறவு இனி அறுந்தது என்றே நினைத்தேன்.

அந்த வாரம் பெரியவன் மகள் சத்தமாகப் படித்தாள். இரண்டு பொருளுக்கு நடுவே தூரம் இரு மடங்கானால், ஈர்ப்பு விசை நாலில் ஒரு பங்காகுமாம்.

"எவ்ளோ தூரம் போனா சுத்தமா இல்லாம போவும்?"

"எவ்ளோ போனாலும் கொஞ்சம் இருக்கும் ஆயா. கிட்ட இருந்தாத்தான் பயங்கரமா இழுக்கும்."

மறுநாள் சின்னவன் போன் செய்தான். அடித்தவனே, "அண்ணனுக்குத் தையல் பிரிச்சாச்சாம்மா?" என்று கேட்டு அழுதான். இழுப்பு குறைந்திருக்கிறதே தவிர அறுந்துபோகவில்லை.

பெரியவன் இன்னும் தம்பி பேரைச் சொல்வதில்லை. நான் சொல்ல, அவன் மகள்தான் இதை எழுதினாள்.

கண்ணு, திரும்பப் படிச்சுக் காட்டு. உங்கப்பன் உள்ளேதான் படுத்திருக்கான், சத்தமாவே படி.