செம்பெயர்ச்சி

எம்.ஃபில். படித்த வருஷம் எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. பசுமலைப் பக்கம் கல்லூரி. குவாசார்களைப் பற்றி ஆய்வு. கண்ணுக்கெட்டாத தொலைவில் ஒரு கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்குகிறது. உள்ளே போகுமுன் அந்த வாயு சூடேறிக் கொழுந்துவிட்டு ஒளிர்கிறது. அதுதான் குவாசார். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் சில இடங்களில் கோடுகள் பளிச்சென்று தெரியும். தூரம் கூடக்கூட, கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வுக்குத் தமிழில் செம்பெயர்ச்சி என்று பெயர்.

ஆரப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நிறமாலைகளை இறக்கி ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு வருவேன். எனக்கென்று வாய்த்த குவாசாரில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அது மக்னீசியம் என்றால் ஒரு தூரம், ஹைட்ரஜன் என்றால் அதைவிட எங்கேயோ போய்விடும். காலையில் மக்னீசியமாகத் தெரிந்தது சாயங்காலம் ஹைட்ரஜனாகத் தெரிந்தது. "ஒத்தக் கோட்ட வச்சு எதையும் எழுதிக் கொண்டாந்துராதம்மா" என்றார் பேராசிரியர். வேறு எதை வைத்து எழுதுவது என்று அவரும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் போதாதென்று வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். "வாரவுக சம்மதிச்சா பிஹெச்.டி. படி. இல்லாட்டி இதோட மூட்டையக் கட்டு" என்று சொல்லிவிட்டார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் உள்ள குடும்பம். மாப்பிள்ளை மதுரையில் பேட்டரி கடை வைத்திருந்தார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "கருந்துளை கிருந்துளைன்னு அவுக முன்னாடி வாயத் தொறந்துராத. கேக்கவே விளங்கல. வேற நல்ல பேரு எதும் இல்லையா?"

யோசித்து, செம்பெயர்ச்சி என்றேன். அப்பா முகம் தெளிந்துவிட்டது. "பெயர்ச்சி. இது போதும்." அவர் ஏன் அம்புட்டு சந்தோஷப்பட்டார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரித் தட்டைக் கையில் வாங்கியதுமே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "பாப்பா பெயர்ச்சி படிக்கிதாமே. எம் மகனுக்கு ஏழரை நடக்குது. இந்தச் சனிப்பெயர்ச்சி எப்படியிருக்குன்னு பாத்துச் சொல்லுத்தா."

நேற்று அப்பா முகம் தெளிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அப்பா ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஜோசியம் தெரியாது என்றால், பிறகு என்னதான் படிக்கிறாய் என்பார்கள். கருந்துளை வெளியே வரும். என் படிப்பு அதோடு முடியும். தெரியும் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் உள்ளதையே சொன்னேன்.

"நான் பாக்குறது சனி, குரு இல்ல அத்தை. அதுக்கெல்லாம் ரொம்பத் தொலைவுல இருக்குறது. அங்க இருக்குறதெல்லாம் நம்மள விட்டு விலகிப் போய்க்கிட்டே இருக்கு. அதைத்தான் பெயர்ச்சிங்கிறோம்."

"விலகுதா?" என்றார்.

"விலகுது அத்தை."

"திரும்ப வராதுல்ல?"

"வராது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் பக்கம் திரும்பி, "கேட்டியாப்பா, விலகுதாம்" என்றார். மகன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்ததா, அவரும் சனி விலகியதாகவே எடுத்துக்கொண்டாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஆனால் அந்த அம்மா மனசில் போய் உட்கார்ந்தது முழுக்க வேறு. இப்படி வாங்கினால் அது சம்மதமா, ஏமாற்றா? சனி இல்லை அத்தை என்று இன்னொரு தடவை உரக்கச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "இந்தப் படிப்ப மட்டும் விட்டுறாதத்தா. எம்புட்டு வருசமானாலும் படி. நான் சொல்றேன்" என்றார்.

பூ வைக்க வாகாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.