பேப்பர் இன்னா சொல்லுது?

காதர் பாய் இறந்துவிட்டார். எங்கள் வீட்டு பிளம்பர்.

காலையில் ஹார்டுவேர் கடைக்காரர் போன் செய்து சொன்னார். சென்னீர்குப்பத்தில் அவர் வீடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்...

அழுகை வந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு நிம்மதி. தப்பாக நினைக்காதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட் முதல் மாடி. நேர் கீழே சரோஜா அக்கா. அவர் வீட்டுப் பின்னறை சீலிங்கில் ஈரம் இறங்க ஆரம்பித்தது. பிரசவம் முடிந்து வரப்போகும் மகளுக்கும் குழந்தைக்கும் என்று ஒழித்து வைத்திருந்த அறை அது.

"எம்பொண்ணு பச்ச புள்ளயோட வருது. இந்த ஈரத்துல எப்டி படுக்க வெப்பேன், நீயே சொல்லு" என்று கேட்டார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

படிக்கட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கரூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்த எனக்கு, ஒரு அவசரம் என்றால் ஓடிப்போக இருந்த ஒரே வீடு அதுதான். தூக்கமே போய்விட்டது.

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பிளம்பர் கேட்டேன். ஒருவர் 'ஆன் தி வே மேடம்' என்றார்... இன்னும் வழியில்தான் இருக்கிறார். இன்னொருவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் மொத்தத்தையும் உடைக்கணும் என்றார்.

வெறுத்துப்போய் ஹார்டுவேர் கடைக்காரரிடம் போனேன். நல்ல பிளம்பர் யார் என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு காதர் பாய் நம்பரைக் கொடுத்தார்.

போனில் பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியாக ஒன்று சொன்னார். "ஊட்ல கேசரி பவுடர் கீதாமா? எட்த்து வை, வரேன்."

நான் என்ன புரிந்துகொண்டேன்? மனுஷனுக்குக் கேசரி என்றால் உயிர் போல, வாய்விட்டே கேட்கிறார் என்று. ரவையை வறுத்து, முந்திரி, நெய் எல்லாம் போட்டு... வீட்டில் இருந்த பவுடர் மொத்தத்தையும் அதிலேயே கொட்டியாயிற்று.

பாய் வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள்...

அவர் கேட்டது தண்ணீரில் கலக்க. ஒவ்வொரு இடமாகக் கலர் தண்ணீர் ஊற்றினால், எங்கே கசிகிறது என்று கீழ் வீட்டு சீலிங்கே காட்டிக்கொடுத்துவிடுமாம். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, அவரே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பவுடர் வாங்கி வந்தார். மீதிக் கேசரியைக் கீழ் வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். கொண்டுபோனேன். அக்கா வாங்கிக்கொண்டார், பேசவில்லை.

பாத்ரூமில் ஊற்றினோம். கீழே ஒன்றும் காணோம். மறுநாள் வாஷிங் மெஷின் இருக்கும் மூலையில் ஊற்றினோம். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இருந்து அக்காவின் குரல். "ஏம்மா, இங்க ஆரஞ்சு கலர்ல எறங்குதுமா."

அத்தனை நாள் கழித்து அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு. சீலிங்கில் கறை விழுந்ததற்கு நானும் அக்காவும் சேர்ந்து சந்தோஷப்பட்டோம்.

பாத்ரூம் தப்பித்தது. அந்த மூலையில் மட்டும் உடைத்து குழாய் ஜாயிண்டை மாற்றினார். ஆனால் பூசவில்லை. ஜாயிண்டுக்கு அடியில் ஒரு நியூஸ்பேப்பரை மடித்து வைத்தார். ராத்திரி முழுக்க நனையாமல் இருந்தால்தான் சிமெண்ட். எந்த வீட்டிலும் அதுதான் அவர் வழக்கமாம். காலையில் வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

காலையில் வரவில்லை. இவரும் 'ஆன் தி வே' கேஸ்தானா என்று கடுப்பாக இருந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் மீட்டிங் நடுவில் போன் வந்தது.

"பேப்பர் இன்னா சொல்லுதுமா?"

எழுந்திருக்கச் சோம்பல். எல்லாம் ஓகே பாய் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே, "கண்ணால பாத்துட்டு சொல்லாத. கைய வெச்சிப் பாரு. நான் லைன்லயே கீறேன்" என்றார்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். குனிந்து, கையை உள்ளே விட்டு, பேப்பரைத் தடவி... பொரித்த அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. சொன்னேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றார். கொத்தனாரை அனுப்புகிறேன், பூசிவிடலாம் என்றார். பின்னால் மைக்கில் யார் யார் பெயரையோ கூப்பிடும் சத்தம். ரயில்வே ஸ்டேஷன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி கொத்தனார் வந்தார். பூசினார். அக்காவின் மகளும் குழந்தையும் வந்துவிட்டார்கள். பாயைக் கூப்பிட்டு மறுபடி கேசரி கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம்...

அது ஸ்டேஷன் இல்லை. ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் அவர் மனைவி சொன்னார். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும் முன்னால், போனைக் கேட்டு வாங்கி எனக்கும் கொத்தனாருக்கும் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவே இல்லை.

"யாருகிட்ட பேசினீங்கன்னு கேட்டேன்மா. பேப்பரு காஞ்சிகினு கீதாம், இனிமே கவல இல்லன்னு சிரிச்சிகினே உள்ள போனாரு."

நல்லவேளை, எழுந்து போனேன். நல்லவேளை, கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். வரும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் நேராகச் சரோஜா அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பின்னறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா சத்தம் வராமல் மேஜையை நகர்த்திப் போட்டு, மேலே ஏறி, அந்த ஆரஞ்சுக் கறையில் உள்ளங்கையை வைத்தார். இறங்கி வந்து, என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

பாய்... காஞ்சுதான் இருக்கு. ரெண்டு பேரும் கையை வெச்சுத்தான் பார்த்தோம். போயிட்டு வாங்க.