ஒரு தழும்பு, இரண்டு பொய்கள்

சுகந்தனின் இடது காதைச் செவிடாக்கியவன் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசத் தொடங்கினால் நான் நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். துருக்கியின் ஒரு மலைக் கிராமத்தில், ஓர் ஆட்டுக் கொட்டிலில், பட்டப்பகலில், பின்னால் போய் அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்தேன். கையால் அடித்தேன். காலால் உதைத்தேன். கை வலித்த பிறகு ஆடு கட்டுகிற கட்டையைப் பிடுங்கி எடுத்து அடித்தேன்.

இன்று நீங்கள் பாரிசில் லா சப்பலுக்கு வந்து அவனைக் கேட்டுப் பாருங்கள். "அண்ணை இல்லாட்டி நான் அண்டைக்கே செத்திருப்பன்" என்றுதான் சொல்வான். பத்து வருடங்களாக மரக்கறிக் கடையிலும் சலூனிலும் கோயில் வாசலிலும் அதையே சொல்லி வைத்திருக்கிறான். அவன் மகள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறாள். அந்தத் தெருவில் என்னைக் கண்டால் நீங்களும் நல்ல மனிதர் என்றுதான் நினைப்பீர்கள்...

தலையாட்டி என்றால் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? 2009இல் இலங்கையில் போர் முடிந்து இராணுவத்தினர் எங்களை முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். ஆண்களை வரிசையாக நடத்துவார்கள். இயக்கத்தில் இருந்தவர்களைக் காட்டிக் கொடுக்க, வரிசைக்கு எதிரே ஒருவனை உட்கார வைத்திருப்பார்கள். அவன் தலையில் சாக்கு. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நீங்கள் அவன் முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் கூடாரத்துக்குத் திரும்பலாம். அசைந்தால் சரி, முடிந்தது.

என் தம்பி எனக்கு முன்னால் நின்றான். சாக்கு ஒரே ஒரு தடவை மேலும் கீழும் அசைந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்தவனைத் துவக்குப் பிடியால் முதுகில் இடித்து எழுப்பினார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்தது என் முறை, எனக்குச் சாக்கு அசையவில்லை. தம்பியை அதன் பிறகு நான் காணவில்லை.

இதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்கிறேனா? அப்படி நினைத்துவிடாதீர்கள். அதே முகாமில் அப்படித் தம்பியைப் பறிகொடுத்தவர்கள் நூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் கட்டையைத் தூக்கவில்லை.

அடுத்த வருடம், ஐரோப்பாவுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்கள் ஆறு பேரை அந்தத் துருக்கிக் கிராமத்தில் கொண்டுபோய் இறக்கினான். வண்டி வரும்வரை கொட்டிலைவிட்டு வெளியே தலை காட்டக் கூடாது என்றான். அத்தனை அமைதியான ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு நாய் குரைத்தால் அது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும். வன்னியில் சத்தம் நின்றால் அடுத்த ஷெல் வருகிறது என்று அர்த்தம். ஆகவே அந்த அமைதியில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

கொட்டிலின் சொந்தக்காரி ஐஷே. கணவனை இழந்தவள், ஐம்பது வயதிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தகரத் தட்டில் ரொட்டியும் பாற்கட்டியும் கொண்டுவந்து வைப்பாள். எங்களில் சுகந்தன்தான் இளையவன், இருபத்திரண்டு வயது. சும்மா இருக்க மாட்டாதவன். பிடரியைச் சொறிந்துகொண்டு அவளுக்குப் பின்னால் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டத் தொடங்கிவிட்டான். அவளும் விட்டுவிட்டாள். எங்கள் பேச்சை அவன் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. பலகை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. சீருடைக்காரன் இறங்கினான். ஐஷே ஏதோ சொன்னாள். சீருடைக்காரன் சுகந்தனைப் பார்த்து ஏதோ கேட்டான்.

சுகந்தன் தலையாட்டினான். மேலும் கீழும்.

சீருடைக்காரன் எங்கள் கொட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஜீப் போய்விட்டது.

சுகந்தன் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஒண்டுமில்லை அண்ணை. அவன் போயிட்டான்."

"என்ன கேட்டவன்?"

"ஆருக்குத் தெரியும்... நான் சும்மா தலையாட்டினனான்."

சும்மா! அந்தச் சொல்லோடு என் மண்டைக்குள் ஏதோ அறுந்தது. அவன் திரும்பி ஆட்டுக் குட்டியைத் தூக்கக் குனிந்தான். மற்றவர்களைப் பார்த்து "காட்டிக் குடுத்திட்டான்" என்று நான் உதட்டை மட்டும் அசைத்தேன். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவர்களும் முகாமில் வரிசையில் நின்றவர்கள்தான். பார்லி கொட்டி வெறுமையாகிக் கிடந்த சாக்கை எடுத்தேன்.

இரண்டு பேர் அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அடித்தேன். ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் அடித்ததால்தான் இன்றுவரை தப்பியிருக்கிறேன். பார்லித் தூசு பறந்தது. சாக்கு நனைந்து கறுத்தது. கட்டை காதில் பட்டபோது ஒரு சத்தம் வந்தது, அதை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. சாக்குக்குள்ளிருந்து அவன் கத்தினான். என்ன கத்தினான் தெரியுமா?

"அண்ணை... அண்ணை... ஓடி வாங்கோ அண்ணை..."

என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டான். அது கேட்டும் நான் நிறுத்தவில்லை. சொல்லுங்கள், இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

நிறுத்தியவள் ஐஷே. ரொட்டித் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டு விழுந்தது. ஆடு மேய்க்கும் தடியால் என் நெற்றியில் ஒரே போடு போட்டாள். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் அவன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த நாள் விடிய வண்டி வந்தது. சுகந்தனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்து பேர் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் சீருடையைத் தேடினேன். ஒருவனும் இல்லை. யாரும் எங்களைத் தேடி வரவேயில்லை! மத்தியானத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது, அவன் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேனா? இல்லை. புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாரிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் எழுதும்போது, புருவத்தைக் காட்டி "ஷெல் துண்டு பட்டது" என்றேன். மருத்துவர் தடவிப் பார்த்து அப்படியும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அது முதல் பொய்.

இரண்டாவது பொய் 2012இல். லா சப்பலில் உணவகத்து வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணை!" என்று ஒரு குரல். சுகந்தன் ஓடிவந்து என்மேல் விழுந்து அழுதான். ஐஷே நான்கு மாதம் வைத்துப் பார்த்து அவனை எழுப்பி நடக்கவிட்டிருந்தாள். அவன் என் புருவத்தைத் தொட்டான்.

"இது என்னண்ணை? முந்தி இல்லையே..."

ஒரு கணம்கூட ஆகவில்லை. "அவங்கள் நாலு பேரும் உன்னை அடிக்கேக்கை தடுக்கப் போனனான்" என்றேன். "எனக்கும் விழுந்திட்டுது."

எத்தனை சுலபமாக வந்தது பாருங்கள்! அந்த நால்வரில் இருவர் லண்டனில், இருவர் கனடாவில். எவனும் வாய் திறக்க மாட்டான்.

அதன்பிறகு அவனுக்கு என்ன செய்யவில்லை நான்? மார்க்ஸ் டோர்மோயில் என் அறையில் பாதியைக் கொடுத்தேன். பொபினி பிரெபெக்சர் அலுவலகத்தில் அவனுடைய வதிவிட அட்டைக்காக விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்றேன். நான் கொத்து ரொட்டி போடுகிற அடுப்படியிலேயே வேலை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணப் பேச்சுக்கு நானே முன்னால் உட்கார்ந்தேன். பிராயச்சித்தமா? அந்தச் சொல்லுக்கு நான் தகுதியில்லை. அவனை என் கண்ணில் படும் தூரத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் புதிதாக வந்த சமையற்காரன் அவனைச் "செவிடா" என்று கூப்பிட்டான். கையிலிருந்த இரும்புச் சட்டியால் அவன் வாயைப் பார்த்து அடித்தேன். இரண்டு பல் தரையில் விழுந்தன. தடுத்துப் பிரித்தவர்கள்கூட என் பாசத்தை மெச்சினார்கள். எனக்குத்தானே தெரியும், அது பாசம் இல்லை. அந்தச் சொல்லை அவன் என் முகத்தில் எறிந்ததுபோல இருந்தது.

சுகந்தனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே உட்கார்ந்தாலும், எங்கே நடந்தாலும் என்னை வலப்பக்கம் இழுத்துக்கொள்வான். "இந்தப் பக்கம் வாங்கோ அண்ணை, நீங்கள் சொல்லுறது ஒண்டும் தப்பக் கூடாது" என்பான்.

அவனுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்த கோடையில் எனக்கும் சேர்த்துத் துருக்கிக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டான்.

"ஐஷே அக்காவைப் போய்ப் பார்ப்பம். நான் படுத்திருக்கேக்கை அவ ஒவ்வொரு நாளும் தன்ர புருவத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு கையை ஓங்கிக் காட்டுவா. அப்ப விளங்கேல்லை. உங்களைத்தான் சொல்லியிருக்கிறா அண்ணை. எனக்காண்டி அடி வாங்கினவர் எண்டு."

முதுகு வலி என்றேன். லீவு இல்லை என்றேன். அவன் முதலாளியிடம் பேசி லீவையும் வாங்கிவிட்டான்.

உல்லாசப் பயணிகளாகப் போனோம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அவன் கழுத்தில் கமெரா. பேருந்து நிலையத்தில் அந்த ஊருக்கு நேரே வண்டி உண்டா என்று சாரதியிடம் கேட்டேன். அவன் நாடியை மேலே தூக்கி நாக்கை ஒருதரம் 'ட்ச்' என்று தட்டினான். நான் ஏறப் போனேன். சுகந்தன் சிரித்துக்கொண்டு சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இல்லையெண்டு சொல்லுறான் அண்ணை. இஞ்சை இல்லையெண்டால் இப்பிடித்தான்."

கிராமம் அப்படியே இருந்தது. வால்நட் மரங்கள், கல் மதில்கள், வெயிலில் படுத்திருக்கும் நாய். நீங்கள் போனால் படமெடுத்து மாளாது. நான் கொட்டிலின் பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

ஐஷே கதவைத் திறந்தாள். தலை முழுதும் நரைத்திருந்தது. சுகந்தனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்களில் முத்தமிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆனாலும் வாசலுக்கு வந்த விருந்தாளி அல்லவா... ஒரு மெத்தையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

தேநீர் வந்தது. சுகந்தன் கைப்பேசியில் பிரெஞ்சில் பேசினான், அது துருக்கியில் சொன்னது. அன்று சீருடைக்காரன் என்ன கேட்டான் என்பதுதான் முதல் கேள்வி. ஐஷே பேசிய பதிலைக் கைப்பேசி நிதானமாக ஒப்பித்தது. "இவன் யார் என்று கேட்டான். என் கூலியாள் என்றேன். உண்மையா என்று இவனைக் கேட்டான். இவன் தலையாட்டினான். அதனால் கொட்டிலைத் திறக்காமல் போனான்."

அந்தத் தலையாட்டல்தான் எங்கள் ஆறு பேரையும் காப்பாற்றியிருக்கிறது.

சுகந்தன் கையை என் தோளில் போட்டான். இரண்டாவது கேள்வியைக் கேட்டான். "என்னைக் காப்பாற்றப் போய் அடி வாங்கியவர் இவர்தானே?"

முகாமின் வரிசையில் மறுபடியும் நின்றேன். எதிரே ஒரு தலை. அசையுமா, அசையாதா? அந்த நேரம் எனக்குள் என்ன ஓடியது என்று சொல்லவா? கைப்பேசியைப் பிடுங்கி நெருப்புக்குள் எறியலாம் என்று தோன்றியது. அவள் கழுத்தை நெரிக்கலாம் என்றும் தோன்றியது. ஆம், அவனை உயிரோடு திருப்பித் தந்தவளின் கழுத்தை! என் விரல்கள் மடங்கியும்விட்டன.

ஐஷே நாடியை மேலே தூக்கினாள். நாக்கை ஒருதரம் தட்டினாள்.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்தவன் என் பக்கத்தில் இருந்தான். தோளில் கிடந்த கை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு அவன் கையை எடுத்துத் தேநீர்க் கோப்பையைத் தூக்கினான். கைப்பேசியின் திரை தானாக அணைந்தது.

கிளம்பும்போது அவள் செம்பில் தண்ணீரோடு வந்தாள். போகிறவர் நல்லபடி திரும்பி வர வேண்டும் என்று அங்கே காலடிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் முன்னால் நடந்தேன், செம்பு சரியவில்லை. பின்னால் வந்த சுகந்தனுக்கு முழுவதையும் ஊற்றினாள்.

அவன் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. அண்ணை என்றுதான் கூப்பிடுகிறான். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? மூன்றாவது பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஒன்றுதான் மாறியிருக்கிறது. இப்போது அவன் என்னை வலப்பக்கம் இழுப்பதில்லை. நான் வந்து உட்காரும் பக்கத்துக்கு இடது காதை வைத்து உட்கார்ந்துகொள்கிறான்.

போன ஞாயிறு அவன் வீட்டுச் சாப்பாட்டுக்காக கார்ஜ் லே கொனெஸுக்கு ரயிலில் போனோம். பெட்டியில் வேறு தமிழர் இல்லை. அந்தக் காதுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, கட்டை, ஓடி வாங்கோ என்ற சத்தம், ஒன்றும் விடவில்லை. அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நின்றதும் எழுந்தான்.

"இறங்குங்கோ அண்ணை. பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்" என்றான்.