மறைத்து வைத்த நிறை: தாராவி வழியாகச் செம்பூருக்கு

சென்ற டிசம்பரில் மும்பை போனது ஊர் பார்க்க அல்ல. செம்பூரில் இருந்துகொண்டு இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் சித்தி மகள் ரஹீமா போனில், "காக்கா, சனிக்கிழமை எங்க விடையைத் திறக்கோம். தனியா இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும், வாங்க" என்றாள். எங்களில் அண்ணன்தான் காக்கா.

மாட்டுங்காவில் தங்கினேன். காலையில் இட்லி, காப்பி தொண்ணூறு ரூபாய். அங்கிருந்து தாராவியில் அவள் தம்பி ஷாகுலின் தோல்பைப் பட்டறைக்குப் போனேன். பிரியாணிச் சட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "ரஹீமாவுக்கு வேலை தாறேன்னு சொன்ன ஐரோலி கம்பெனிக்காரன் திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கான். இன்னைக்கு நம்பர் விலகி வந்தா இவ ஆராய்ச்சியிலயே இருப்பா. இல்லன்னா அங்க போயிரணும்" என்றான்.

செம்பூரில் ரஹீமா வீட்டுக்கு டாக்சி. எட்டு கிலோமீட்டர், நூற்றெழுபது ரூபாய். பேரம் பேசாதீர்கள், மீட்டர் போடச் சொல்லுங்கள்.

ரஹீமா அளப்பது டபிள்யூ போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை. ஐரோப்பாவில் பூமிக்கடியில் புரோட்டான்களை மோதவிட்டுக் கிடைத்த தரவிலிருந்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியமாக. கோட்பாடு ஒரு விடை சொல்கிறது. அளந்தது அதிலிருந்து விலகினால் உலகத்தில் புதிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குழுவுக்கும் வேலை நீளும்.

"இவ்வளவு நாளா நீ பாக்குறதுதானே விடை?" என்று கேட்டேன்.

"இல்ல காக்கா. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டியோ கழிச்சோதான் காட்டும். அது எங்க ஒருத்தருக்கும் தெரியாது. விடை தெரிஞ்சா நம்ம கை தானா அந்தப் பக்கம் சாயும்லா? திறந்த பொறவு எதையும் மாத்தவும் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் என்று தெரிந்த எண்ணோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது காட்டுறது அப்படியே கோட்பாட்டு எண். அப்பன்னா நெசமான விடை தள்ளித்தானே இருக்கும்?" கண்ணில் அவ்வளவு ஆசை.

மடிக்கணினியில் குழு முழுக்க முகம் காட்டியது. ரகசிய எண்ணை நீக்கும் பொத்தானை யாரோ அழுத்தினார்கள். எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறியது.

குலுக்கலில் விழுந்த ரகசிய எண் ஏறக்குறைய பூஜ்யம். அப்படியும் விழலாம் என்று இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரையில் எல்லாரும் கை தட்டினார்கள்; அளவு அவ்வளவு துல்லியம், கோட்பாடு ஜெயித்தது. ரஹீமாவும் தட்டினாள். அழைப்பை அணைத்த பிறகுதான் அழுதாள்.

"மூஞ்சிக்கு நேராவே நின்னுருக்கு காக்கா. நான்தான் அதைப் பொய்யின்னு நினைச்சுட்டேன்."

ஒரு சரியான விடை இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரியாணியைச் சட்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: செம்பூரிலிருந்து ஐரோலிக்கு நேர் ரயில் கிடையாது. வாஷியில் இறங்கி, தானே நகருக்குப் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். காலையில் கூட்டம் இருக்கும், கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். திங்கட்கிழமைக்காக ரஹீமா விசாரிக்கச் சொன்னது.