கிழிபடாத அரையணா டோக்கன்

சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி நின்று சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

1996 ஆகஸ்ட் 28. பகல் மூன்று மணி. மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால், பல வருஷமாக மூடிக் கிடந்த ஒரு காபி ஹோட்டல். பெயர் வேண்டாம், வாரிசுகள் கோர்ட்டில் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது சில்லறைக்குப் பஞ்சம். மீதி அரையணா தர வழியில்லாமல் அந்த ஹோட்டலில் வட்டமாக ஓர் அட்டை டோக்கன் கொடுப்பார்கள். அடுத்த முறை வந்து அதை மேஜைமேல் வைத்தால் காபி வரும். சர்வர் டோக்கனை வாங்கி இரண்டாகக் கிழித்துவிடுவார். அதனால் கிழிபடாதது ஒன்று கிடைப்பது குதிரைக் கொம்பு. டோக்கன் சேர்க்கும் பைத்தியமான நான் வருஷக்கணக்காக அதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன்.

காவலாள் சென்னப்பன் ஷட்டரைத் தூக்கினான்.

"உள்ளே போய்த் தேடிக்கங்க சாமி. நான் இறக்கி விட்டுடறேன். இல்லேன்னா மாடு நுழைஞ்சிடும்."

கல்லாப்பெட்டி இடுக்கில் ஒன்று இருந்தது. முழுசாக! ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாமென்று மேஜைமேல் வைத்தேன்.

வைத்திருக்கக் கூடாது.

டக்.

என் முழங்கையருகே ஒரு டம்ளர் காபி. ஆவி பறந்தது. அடுப்பே இல்லாத ஹோட்டலில்...

"டோக்கன் ஸ்வாமி," என்றது தலைக்கு மேல் ஒரு குரல்.

டோக்கனைப் பிடுங்கிக்கொண்டேன். பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன். "காசாவே தந்துடறேன்பா."

"சில்லறைக்கு எங்கே போவேன்? யுத்தம் முடியட்டும் ஸ்வாமி."

ஷட்டருக்கு ஓடினேன். தூக்கினேன். அசையவில்லை.

"சென்னப்பா!"

மார்க்கெட் இரைச்சல்கூட இல்லை.

திரும்பினேன். எல்லா மேஜைகளிலும் ஆட்கள். எல்லார் முன்னாலும் ஆறிப்போன காபி. எல்லார் கையும் இறுக மூடியிருந்தது.

பக்கத்து மேஜையில் ஜரிகைத் தலைப்பாகைக்காரர் ஒருவர். உதடு மட்டும் அசைந்தது.

"குடுத்துடும் ஓய். நானும் சேக்கறவன்தான்."

"நீங்க ஏன் குடுக்கலை?"

"மனசு வரலை. காபியிலே ஆடை படிஞ்சுட்டா அப்புறம் வாங்கிக்கவே மாட்டான்."

என் டம்ளரைப் பார்த்தேன்.

ஓரத்தில் மெல்லிய சுருக்கம்...

டோக்கனை நீட்டினேன்.

சரக்.

ஷட்டர் மேலே போனது.

"அதுக்குள்ளே வந்துட்டீங்க? நான் வெத்தலைக்குச் சுண்ணாம்புகூடத் தடவலை," என்றான் சென்னப்பன்.

நண்பர் செந்தில்நாதனிடம் இதைச் சொன்னபோது ஆதாரம் கேட்டார். இருந்த ஒரே ஆதாரத்தைத்தான் கிழித்துவிட்டானே, எதைக் காட்டுவது?

என் மனைவி சரசு எழுந்து போய், தன் தம்பி பிரசாந்தின் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டாள்.

மைசூரிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரம் போகவேண்டிய மார்டள்ளியில் கடைசிப் பந்தி. வாளியும் கரண்டியுமாகப் பாயசம் ஊற்றிக்கொண்டு போவது நான்தான். திரையின் மூலையில் தேதி 28-8-96, நேரம் 3.05.