மணியக்கா பூட்டிய தகரக் கதவு

என் அக்காவுக்கு அழகாக ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலைக்குப் போனதிலிருந்து ஊரே அவளை மணியக்கா ஆக்கிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்படிப் பார்த்தால் அடிக்கடி கூப்பிட்டிருக்கிறேன்.

அது அரசுப் பள்ளி. கூட்டுவாள், கக்கூஸ் கழுவுவாள், தொட்டியில் தண்ணீர் நிரப்புவாள், மணி அடித்ததும் முன் கேட்டைப் பூட்டுவாள். பூட்டிய பிறகு யாரையும் விடக்கூடாது என்பது சட்டம். அதில் அக்கா இம்மி பிசக மாட்டாள். ஆனால் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு இருந்தது. அதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையாம். மகராசி, அதைப் பூட்டவே மாட்டாள்.

பாதிப் பிள்ளைகள் அந்த வழியாக வந்துதான் படித்தார்கள். சந்தையில் மூட்டை பிரித்துவிட்டு வருகிறவன், கார் துடைத்துவிட்டு வருகிறவன், தம்பிக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவருகிற ஒரு சுண்டெலி. அவளை அக்கா 'வாலு' என்பாள். தலைமை ஆசிரியைக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி அந்தப் பக்கமே போகமாட்டார்.

காசு கட்டிப் படிக்கிற பள்ளியில் இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா என்று நான் ஒருநாள் குத்திக்காட்டினேன்.

"அங்க வர்ற புள்ளைங்களுக்குக் காலையில வேலை கிடையாதுடி" என்றாள். "இதுங்களுக்கு இதை விட்டா வேற போக்கிடம் ஏது?"

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தலையெண்ண ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை தலைமை ஆசிரியை, இன்றைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா நேரே போய்த் தகரக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அழுக்குத் துணியோடு பிள்ளைகள் பின்வழியாக நுழைவதை அதிகாரி பார்த்தால் பள்ளிக்குக் கெட்ட பெயராகிவிடுமாம். கூறுகெட்டவள்!

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா இடுக்கில் வாயை வைத்து, அதிகாரி போனதும் திறக்கிறேன், அதுவரை மூச்சுக் காட்டாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கு ஓடினாள். அந்த அதிகாரியே மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அவருக்கு மட்டும் கேட் அகலத் திறந்தது. திறந்தவளும் என் அக்காதான்.

உள்ளே எண்ணினார்கள். இன்னும் பிள்ளைகள் வருவார்கள் என்று தலைமை ஆசிரியை கெஞ்சியிருக்கிறார். இருக்கிறவர்களைத்தானே எண்ணமுடியும் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கார் ஏறினார்.

அதன்பிறகு அக்கா தகரக் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் வரிசையாக, பூனைபோல உள்ளே வந்தார்கள். தலைமை ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்கல்லாம் எங்க இருந்தாங்க?"

"இங்கதான் டீச்சர். சத்தம் போடாம நிக்கச் சொன்னேன்."

பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மேலே மனுப் போட்டார்கள், அலையாய் அலைந்தார்கள். கிணற்றில் போட்ட கல். பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மணி அடித்தால் கேட் பூட்டப்படும், பின்கதவு கிடையாது. அக்காவுக்கு ஓர் அலுவலகத்தில் கூட்டுகிற வேலை கிடைத்தது. அங்கே அவள் யாரோடும் பேசுவதில்லை.

போன வாரம் இருவரும் சந்தைக்குப் போனோம். வெங்காயக் கடையில் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள் வாலு. பள்ளி நேரம். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நாங்க லேட்டா வந்ததாலதான மூடிட்டாங்க, பெரியம்மா?"

"இல்லம்மா. நான் கதவைப் பூட்டினதால."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இனிமே சீக்கிரம் வந்துடறோம்னு சொல்லிப் பாருங்க. திறப்பாங்கல்ல?"

சொல்கிறேன் என்று அக்கா தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள், பாவி.