வலியில்லாத இடம்

அம்மா மனநல மருத்துவர். ஆனால் அவள் அதிகம் வேலை பார்த்தது உடம்பு வெந்தவர்களோடுதான். தீக்காயப் பிரிவில் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் நோயாளிகள் அலறுவது மாடிப்படி வரை கேட்கும். அம்மா தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லித் தணிந்த குரலில் பேசுவாள். கண் சொருகியதும், "உங்களுக்கு நிம்மதியா இருக்கற ஒரு இடத்துக்குப் போங்க. போயிட்டீங்களா? என்ன தெரியுது?" என்று கேட்பாள். லாரி டிரைவர் ஒருவர் மழையில் ஓரங்கட்டிய வண்டிக்குள் போனார். ஆசிரியை ஒருத்தி பரீட்சை முடிந்து காலியான வகுப்பறைக்குள் போனாள். அதற்குள் நர்ஸ் கட்டை மாற்றிவிடுவார். வலி அடியோடு போய்விடாது; தாங்கிக்கொள்கிற அளவுக்கு இறங்கும்.

இதற்கு அறிதுயில் என்று பெயர். மருத்துவமனையில் அம்மாவுக்குத் 'தாலாட்டு டாக்டர்' என்று பெயர்.

"மேடம், எங்க மாமியாரையும் கொஞ்சம் தூங்க வைங்க. ஒரு வாரம் போதும்" என்பார் அங்கிருந்த சர்ஜன். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்த கையோடு அவருடைய நோயாளிகளையே ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்குவாள். மனசு நொந்து கிடப்பவர்களுக்குப் புண் ஆற ஏன் தாமதமாகிறது, மனசைத் தளர்த்தினால் சீக்கிரம் ஆறுமா என்பதுதான் அவள் கேள்வி. மாயமந்திரத்துக்கெல்லாம் நிதி கிடையாது என்று ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டி கையை விரித்தது. அடுத்த வருஷமும் போய் நின்றாள். அதற்கடுத்த வருஷம், கிண்டல் செய்த சர்ஜனே அவளுக்காகக் கூட வந்து பேசினார். அப்படித்தான் பணம் கிடைத்தது.

அப்பா குடிநீர் வாரியத்து ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கிறவர். "நீ மனுஷங்களைச் சோதிக்கறே, நான் தண்ணியைச் சோதிக்கறேன். தண்ணி எதிர்த்துப் பேசாது" என்பார். சாயங்காலம் விளக்குப் போடுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு வந்தது எல்லாம் அவர்தான். அம்மா சொன்ன நேரத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அதற்காக அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் இல்லை. அவர் சுபாவமே அப்படி என்று நாங்கள் இருவரும் இருந்துவிட்டோம்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் முதுகுவலி என்று ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் எலும்பெல்லாம் பரவியிருந்தது. அம்மா நீண்ட விடுப்பு எடுத்தாள். மருந்தைக் கூட்டினால் அவருக்கு வாந்தி, குறைத்தால் வலி.

"ஊருக்கெல்லாம் செய்யறியே, எனக்கும் செஞ்சு பாரேன்" என்றார் ஒரு நாள்.

"சொந்தக்காரங்களுக்கு நாங்க செய்யறதில்லைங்க. வேற டாக்டரை வரச் சொல்றேன்."

"வேற டாக்டர் குரல் எனக்கு எதுக்கு?"

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். நான் துவைத்த போர்வையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா வெகு சீக்கிரம் தளர்ந்தார்.

"எங்க இருக்கீங்க?"

"மாடிப்படியில."

நான் பிறப்பதற்கு முன் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் படி அது.

"என்ன தெரியுது?"

"வெயில் இறங்கிடுச்சு. டீ போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"வலி இருக்கா?"

"இல்ல."

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவ இன்னும் வரல."

அம்மா அவர் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு, "காத்திருக்கறது கஷ்டமா இருக்கா?" என்றாள்.

"இல்லையே. வந்துடுவா."

அவர் நெற்றிச் சுருக்கமெல்லாம் நீங்கியிருந்தது. கண் விழித்ததும் நன்றாக இருந்தது என்று சொல்லி, பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார். என்ன பேசினார் என்பது அவருக்கு நினைவில்லை. தினமும் அம்மா உட்கார்ந்தாள். தினமும் அவர் அந்தப் படிக்கே போனார்.

சமையலறையில் ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "வந்துட்டேன்னு சொல்லிடேன்மா."

"நான் வந்துட்டா அந்த இடம் கலைஞ்சு போயிடும். கலைஞ்சா வலி வந்துடுமோன்னு பயமா இருக்குடி" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவருமே நகரவில்லை.

ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த நாள் அப்பா படியில் உட்கார்ந்ததும் மெல்லச் சொன்னாள்: "யாரோ படியேறி வர்ற சத்தம் கேக்குது பாருங்க."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அது பக்கத்து வீட்டுக்காரர்" என்றார். "அவ இப்ப வரமாட்டா. பாவம், அவளுக்கு வேலை இருக்கும்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். அவரை வழக்கம்போல் பதறாமல் எழுப்பிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அப்பாவுக்கு நினைவு தப்பியது. இனி அறிதுயிலுக்கும் வழியில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கதாங்க இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்குக் கேட்டதா, தெரியாது. மறுநாள் காலை போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த சர்ஜன், தயங்கித்தான் சொன்னார்: "அவருக்கு வலி மருந்து பாதியாக் குறைஞ்சிருக்கு. இதை நீங்க எழுதணும் மேடம். நாலு பேருக்கு உதவும்."

"என்னன்னு எழுத? நோயாளிக்கு வலியே இல்லாத இடத்துல பொண்டாட்டியும் இல்லைன்னா?" என்றாள் அம்மா. அவர் காபியைக் கீழே வைத்தார்.

விடுப்பு முடிந்து முதல் நாள், எண்ணெய் கொட்டிக் கை வெந்த ஒரு சமையல்காரரின் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாளாம். மூச்சைக் கவனிக்கச் சொன்னாளாம். 'நிம்மதியா இருக்கற ஒரு இடத்துக்கு' என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் குரல் எழும்பவில்லையாம். நர்ஸ் போன் செய்து நான் ஓடியபோது வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். "நாளைக்குச் சரியாயிடும்" என்றாள்.

சரியாகவில்லை. இப்போது அவளிடம் படித்த இளம் டாக்டர்கள்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அம்மா பின்னால் நின்று, அவசரப்படுகிறவர்களின் தோளைத் தொட்டு நிதானப்படுத்துகிறாள்.